அத்தியாயம் 9: ‘இல்லை’ என்று எழுதியவன்

போன வாரம் கதையை எங்கே விட்டேன்? தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "என் பையனுக்கு ஒரு குறையும் கிடையாது, நாளைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்" என்று கத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அங்கேதான் விட்டேன். ஒரு வாரமாக ஆளாளுக்கு என்னைப் பிடித்து "அப்புறம் என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று குடைகிறீர்கள். சொல்கிறேன். நான் பைண்டிங் வேலை செய்கிறவன். அச்சடித்த தாளை ஒவ்வொரு பாரமாக மடித்து, வரிசைப்படுத்தி, அப்புறம்தான் தைக்க முடியும். அவசரப்படுத்தினால் பக்கம் மாறிப்போகும்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. கீழே எங்கள் அச்சகம், மேலே வீடு, நடுவில் அப்பா காலத்து மரத்தளம். மிஷின் ஓட்டுகிறவன் தம்பி. தைத்து, ஒட்டிப் புத்தகமாக்குகிறவன் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள் தங்கச்சி, தம்பிக்கு அக்கா. அவளுக்குக் காது கேட்காது. தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர்தான் எங்கள் குட்டி முதலாளி. அந்தச் சண்டை நடந்தபோது பத்து வாரம்.

பிறந்த இரண்டாம் நாள், பிரசவ ஆஸ்பத்திரியில் அவன் காதில் சின்னதாக ஒரு குமிழை வைத்துச் சோதித்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் செய்வதுதான், ஐந்து நிமிஷ வேலை. ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று சீட்டு வந்தது. காதில் தண்ணீர் இருக்கும், பயப்படாதீர்கள் என்றாள் நர்ஸ். நாலாவது வாரம் மறுபடி பார்த்தார்கள். அதே சீட்டு. இனி பெரிய டெஸ்ட்தான், மூன்று மாதம் முடிவதற்குள் செய்துவிடுங்கள் என்று தேதி கொடுத்திருந்தார்கள்; அது அந்தச் சண்டைக்கு மறுநாள். தவறவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான்.

அன்று காலை ஏழரைக்கு மாடி அறைக்குப் போனேன். தம்பி மனைவி தயாராக இருந்தாள். குழந்தையை விடியற்காலையிலிருந்து தூங்க விடாமல் வைத்திருக்கிறாள். டெஸ்ட் நடக்கும்போது அவன் அசையாமல் தூங்க வேண்டும், அதனால் அதற்கு முன்னால் கண்ணை மூடவே விடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. குட்டி முதலாளி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இவனைக் கொஞ்சம் புடிங்க. தலை வாரிட்டு வந்துடறேன்."

குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் என்னை அவன் வாயால்தான் கூப்பிடுகிறாள். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ‘இந்தாங்க’, ‘பாருங்க’தான். பெரியப்பா ஆனதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை. காட்டினால் தம்பி கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவான்.

"அப்போ போறோமாம்மா?"

"போறோம். அவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீங்க வருவீங்கதானே?"

"வரேன்" என்றேன்.

எட்டு மணிக்குக் கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. கட்டிலில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தவன், யாரோ பித்தானை அழுத்தியது போலச் சட்டென்று நிறுத்தினான். கண்ணை அகலத் திறந்து மேலே பார்த்தான். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மை துடைத்த துணியோடு தம்பி வந்து நின்றான்.

"பாத்தியாண்ணா? மிஷின் சத்தம் கேட்டதும் கப்சிப்! தினம் இதேதான். காது கேக்காத பிள்ளை இப்படி நிறுத்துமா? நீயே சொல்லு."

நான் குனிந்து குழந்தையின் போர்வையை இழுத்து விட்டேன்.

"அக்காவுக்குப் போனது ஜுரத்துல. பொறந்தப்போ அவளுக்கு நல்லாத்தானே கேட்டுச்சு? அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க! நம்ம குடும்பத்துலயே இது கிடையாது."

"ஒரு டெஸ்ட்தானேங்க" என்றாள் அவன் மனைவி. "நல்லா இருக்குன்னா சிரிச்சுக்கிட்டே திரும்பி வரப் போறோம்."

"நீ போ. அண்ணனைக் கூட்டிட்டுப் போ. எனக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு வேலை முடிக்கணும்."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் தடதடவென்று இறங்கிப் போனான். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட நாளில் அக்கா பேசுவதைப் போல யாராவது ஊளையிட்டுக் காட்டினால், இவன் மூக்கில் ரத்தத்தோடுதான் வீட்டுக்கு வருவான். எதிராளிக்கு இன்னும் அதிகமாக வந்திருக்கும். அந்தப் பையன்தான் இன்று அப்பன். அவனுக்குப் பயம். பச்சைப் பயம்.

அவன் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துப் படிக்கட்டில் போய் நின்றேன். அது சிமென்ட். மிஷின் சத்தம் அறையைவிட அங்கேதான் அதிகம், காதைப் பிய்க்கும். குழந்தை வீறிட்டான். திரும்பி வந்து மரத்தளத்தில் இருக்கும் கட்டிலில் போட்டேன். நிறுத்தினான். மறுபடி படிக்கட்டு. மறுபடி வீறல்.

தம்பி மனைவி கையில் சீப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்போ அவன் கேக்கல. தரை ஆடுறதுதான் அவனுக்குத் தெரியுது."

"கிளம்பும்மா. பஸ் போயிடும்."

"இது எப்போ இருந்து தெரியும் உங்களுக்கு?"

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். முப்பத்தாறு வருஷமாக என்று எப்படிச் சொல்வது?

*

எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு ஒரு வயது. தம்பி பிறக்கவே இல்லை. கீழே அப்பா, மோட்டார் மாட்டிய பழைய டிரெடில் மிஷினை ஓட்டுவார். ஒவ்வொரு தடவை அது தாளைக் கவ்வும்போதும் மேலே வீடு லேசாக ஒரு குதி குதிக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை படியேறி வரும். அம்மா அந்தச் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டே வேலை செய்வாள். சுருதி சேராது, பாதி வரி மறந்துபோகும், ஆனாலும் விடமாட்டாள். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

தங்கச்சி தரையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துத் தவழ்வாள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் அப்படியே நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். இருந்ததே நாலு பல்.

ஒருநாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாப்பாவைக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாளேடா. நீ பின்னாடி போய் ஒரு சத்தம் போட்டுப் பாரு."

நான் பின்னால் போய், இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரு குதி குதித்துக் கத்தினேன். அவள் திரும்பினாள். சிரித்தாள்.

"கேக்குதும்மா!"

அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். எட்டு வயதுத் தடியனைத் தூக்கிச் சுற்றினாள் என்றால் பாருங்கள். இரண்டு பிஸ்கட் கிடைத்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் இதே வித்தைதான். "உங்க பொண்ணு திரும்ப மாட்டேங்கறாளே" என்று யாராவது இழுத்தால் போதும், அம்மா என்னைக் கூப்பிடுவாள். நான் குதிப்பேன், கத்துவேன், தங்கச்சி திரும்புவாள், வந்தவர் வாயை மூடுவார். வீட்டில் எனக்கு ஏக மரியாதை.

அடுத்த வருஷம் கொல்லைப்புறத்தில், சிமென்ட் தரையில், அவள் ஒரு கரண்டியை வைத்து மண் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். சும்மா விளையாட்டுக்குப் பின்னால் போய்க் கத்தினேன். அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை குதித்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயதில் தெரிந்துவிட்டது. உள்ளே அம்மா பாடிக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தைரியம் வரவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு மூன்றரை வயதில் கடுமையான ஜுரம் வந்தது. அது தணிந்தபிறகு, இவள் ஏன் பேசுவதில்லை என்று டாக்டர் கேட்டார். காதைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி கேட்டுச்சா?" என்றார். "நல்லாக் கேட்டுச்சு டாக்டர், இதோ இவன் சாட்சி" என்றாள் அம்மா. நான் தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுக் கதை. ஜுரத்தில் போச்சு. "மூணு வருஷம் என் குரலைக் கேட்டிருக்கா" என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சியும் தன் சிநேகிதிகளிடம் கையால் சொல்லுவாள்: எனக்கு அம்மா குரல் தெரியும். அவளிடம் இருந்த ஒரே சத்தம் அது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?

*

பஸ் நிறுத்தத்தில் தங்கச்சி காத்திருந்தாள். வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டிருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் பதினைந்து வருஷமாக அவள்தான் பெரிய கை. நகத்தடியில் எப்போதும் வெள்ளையாகச் சாந்துப் பொடி இருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. உடனே பல்லை எடை போட ஆரம்பித்துவிடுவாள்.

பஸ்ஸில் முதலாளிக்குத் தூக்கம் சொக்கியது. தம்பி மனைவி கன்னத்தைத் தடவினாள், நான் பாதத்தைச் சுரண்டினேன், தங்கச்சி அவன் முகத்துக்கு நேரே கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து, புருவத்தைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினாள். முன்சீட்டுக்காரர் திரும்பி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பிள்ளையைத் தூங்க விடாம என்ன கொடுமை பண்றீங்க?" என்றார்.

"டாக்டர் சொல்லித்தாங்க பண்றோம்" என்றேன்.

"எந்த ஊர் டாக்டர்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கிளினிக்கில் எங்களை உள்ளே அழைத்தது ஒரு சின்னப் பெண். நான் "டாக்டரம்மா" என்றதும், "நான் டாக்டர் இல்லைங்க, ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேக்குதுன்னு அளந்து சொல்றதுதான் என் வேலை" என்று சிரித்தாள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காகிதத்தைப் பிரித்தாள். அந்தக் காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

குழந்தை பிறந்த அன்று தம்பிக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "நீ எழுதுண்ணா, உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்" என்று படிவத்தை என்னிடம் தள்ளினான். ‘குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே கேட்கும் குறை உண்டா?’ என்று ஒரு கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு ‘இல்லை’ என்று எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன்.

"குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு போட்டிருக்கு" என்று அந்தப் பெண் நிமிர்ந்தாள். தங்கச்சி எனக்குக் கையால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "இவங்க..?"

"குழந்தையோட அத்தை" என்றாள் தம்பி மனைவி. "மூணரை வயசுல ஜுரம் வந்து..."

"அப்படியா" என்று எழுதப் போனாள்.

நான் எழுந்தேன். தங்கச்சிக்கு உதடு படிக்கத் தெரியும். அதனால் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். "ஜுரம் இல்லம்மா. பிறவியிலேயே. அந்த ‘இல்லை’யை அடிச்சுடுங்க. எழுதினது நான்தான், எழுதும்போதே பொய்னு தெரியும்."

தம்பி மனைவி என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் கோடு போட்டு அடித்தாள். "நல்லவேளை சொன்னீங்க. இது எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

என் முதுகில் ஒரு குத்து விழுந்தது. திரும்பினேன். தங்கச்சியின் கைகள் வேகமாக ஓடின. ‘சுவரைப் பார்த்து என்ன பேசின? என்னைப் பத்தித்தானே?’

‘அப்புறம்’ என்றேன். அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் உள் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

*

உள் அறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை போல இருந்தது. தம்பி மனைவி நாற்காலியில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். ஐந்தே நிமிஷம். காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு முதலாளி அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள், காதுக்குள் மெல்லிய குழாய். "காதுக்குள்ள டிக் டிக்னு சத்தம் அனுப்புவோம். அது மூளைக்குப் போய்ச் சேர்ந்தா இந்தத் திரையில அலையா வரும். ஒரு மணி நேரம் ஆகலாம். யாரும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த அறையில் பேச முடிந்தவர்கள் நானும் தங்கச்சியும் மட்டும்தான்.

‘இப்போ சொல்லு’ என்றாள் கையால்.

சொன்னேன். டிரெடில் மிஷின், மரத்தளம், என் குதி, பிஸ்கட், மண் தொட்டி, டாக்டர், தலையாட்டல் எல்லாம். பாதி வார்த்தைகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், ‘நீ அம்மா குரலைக் கேட்டதே இல்லை. ஒருநாள்கூட. என்னை மன்னிச்சுடு’ என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றும் நினைத்தேன். அவள் ஒரு சொல் சொன்னாள்.

‘தெரியும்.’

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

‘தெரியும். பதிமூணு வயசுல தெரிஞ்சுது. எங்க ஸ்கூல் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு சேர்ந்தா. அவளுக்கு ஆறு வயசுல காது போச்சு. மழை எப்படிக் கேக்கும், நாய் எப்படிக் கேக்கும், எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு. அவ சொல்லச் சொல்ல நானும் எனக்குள்ள தேடிப் பார்த்தேன். எதுவுமே இல்ல. தரை ஆடினதுதான் இருந்துச்சு. அம்மா பாடினா வாய் அசையறதுதான் இருந்துச்சு.’

‘அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் அம்மா குரல் தெரியும்னு சொன்ன?’

‘அம்மா பக்கத்துல இருந்தா சொல்லுவேன். அதைச் சொன்னா அம்மா முகம் எப்படி மாறும்னு நீ பார்த்திருக்க இல்ல? நான் எப்படி எடுக்கறது அதை?’

‘அம்மா போய் எட்டு வருஷம் ஆச்சே.’

‘அப்புறம் நீ இருந்தே. உனக்கும் அது வேணும்னு நினைச்சேன்.’

என் கண்ணாடி மங்கிப்போனது. மூக்கை உறிஞ்சக்கூட முடியவில்லை, சத்தம் போடக் கூடாதே. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே பொய்யைத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

‘என் மேல கோபம் இல்லையா?’

‘இருக்கு’ என்றாள். அவள் விரல்கள் சட்டென்று கூர்மையாயின. ‘குதிச்ச பையன் மேல இல்ல. அவன் குதிச்சா எனக்குப் பிடிக்கும், அதான் திரும்பினேன். மண் தொட்டிக்கிட்ட நின்ன பையன் மேலகூட இல்ல. பெரிய ஆளாகி, பேனாவைப் புடிச்சு ‘இல்லை’ன்னு எழுதின பாரு, அந்த ஆள் மேல இருக்கு. எனக்கு ஆறு வயசுலதான் ஒரு காது மிஷின் பெட்டியை நெஞ்சுல கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. அதுவரைக்கும் எனக்குப் பேர்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. வீட்டுல எல்லாரும் வாயை அசைக்கறீங்க, சிரிக்கறீங்க, எனக்கு மட்டும் எதுவும் புரியல. அந்த ஆறு வருஷத்தை இவனுக்கும் குடுக்கப் பார்த்தியே.’

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். பார்க்காவிட்டால் கேட்க முடியாதே.

‘இனிமே சுவரைப் பார்த்துப் பேசாதே’ என்றாள்.

நாற்காலியில் தம்பி மனைவி அசையாமல் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஆறு வருஷத்தில் நாத்தனாரிடமிருந்து கொஞ்சம் கற்றிருக்கிறாள். எவ்வளவு புரிந்ததோ, அவள் கன்னம் நனைந்திருந்தது.

திரையில் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியவில்லை. அலை என்று எதுவும் தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது.

*

"ரெண்டு காதுலயும் குறை இருக்கு" என்றாள் அந்தப் பெண். சுற்றி வளைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கச்சிக்கும் தெரியும்படி முகத்தைக் காட்டி மெதுவாகப் பேசினாள். "அதிகமாவே இருக்கு. பக்கத்துல நின்னு பேசினாலும் இவனுக்குப் போகாது. ரொம்பப் பெரிய சத்தம்னா கொஞ்சம் போகும்."

தம்பி மனைவி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டரை மாசத்துல வந்துட்டீங்க. காது மிஷினை ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சுட்டா மூளை சத்தத்தைப் பழகிக்கும். நாம ரெண்டு வாரத்துலயே மாட்டிடலாம். அதுல எவ்வளவு கிடைக்குதுன்னு பார்த்துட்டு, பத்தலைன்னா ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம். பேசறதுக்கு டீச்சர் வருவாங்க. கையால பேசவும் இப்பவே ஆரம்பிங்க. அதுக்கு உங்க வீட்டுலயே டீச்சர் இருக்காங்க."

தங்கச்சி தன் நெஞ்சில் விரலை வைத்து ‘நானா?’ என்றாள். பிறகு ரொம்ப கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தூங்கறப்போ கழட்டணுமா? குளிப்பாட்டறப்போ?" என்று தம்பி மனைவி வரிசையாகக் கேட்டாள். பேட்டரி, வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் கேட்டாள். என்ன திடமான பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிட்டாள்.

"பத்து வாரமா பாடிட்டே இருந்தேன் பெரியப்பா. வயித்துல இருக்கும்போதும் பாடினேன். எதுவுமே அவனுக்குப் போகலையா?"

தங்கச்சி எழுந்து போனாள். குழந்தையை நிமிர்த்தி அவன் அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்தாள், அவன் கன்னம் அவள் தொண்டைக்குழியில் படும்படி. ‘பாடு’ என்றாள்.

தம்பி மனைவி விசும்பலும் பாட்டுமாக ஏதோ முனகினாள். முதலாளி கண்ணை விழித்து, வாயைச் சப்புக்கொட்டி, இன்னும் கொஞ்சம் உள்ளே ஒண்டிக்கொண்டார்.

அப்புறம் காது அச்சு எடுத்தார்கள். ரோஜா நிறத்தில் மாவு போல ஒன்றைப் பிசைந்து காதுக்குள் நிரப்பி, இறுகியதும் எடுக்க வேண்டும். தங்கச்சி எட்டி எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"பிசைஞ்சது பத்தலையாம். ஓரத்துல காத்துக்குமிழ் வருமாம். இவ பல் அச்சு எடுக்கறவ, விட மாட்டா."

அந்தப் பெண் அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரத்தில் குமிழ் இருந்தது. வாய்விட்டுச் சிரித்து, "மறுபடி எடுத்துடலாம், இந்தத் தடவை அவங்களே பிசையட்டும்" என்றாள்.

தங்கச்சி பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் என் போன் அடித்தது. தம்பி. பின்னணியில் மிஷின் சத்தம் இல்லை.

"என்னண்ணா சொன்னாங்க? கேக்குதுதானே?"

வெளியே போய்ப் பேசலாமா என்று ஒரு கணம் கால் தூக்கினேன். தங்கச்சி மாவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேராகத் திரும்பி நின்றேன்.

"இல்லடா. கேக்கல. ரெண்டு காதும்."

"அப்போ மிஷின் ஓடினா அழுகையை நிறுத்தறானே?"

"அது தரை ஆடறது. அக்காவும் அப்படித்தான் இருந்தா. அவளுக்கும் பிறவியிலேயே கேக்காது. மூணு வருஷம் கேட்டுச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"பொய்யா?" என்றான். "எல்லாமே பொய்யா?" அவ்வளவுதான். வைத்துவிட்டான். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். போனையே அணைத்துவிட்டான்.

"என்ன சொன்னார்?" என்றாள் தம்பி மனைவி.

"வெச்சுட்டான்மா."

"காது மிஷின் மாட்டறதுக்கு ஒத்துப்பாரா?"

"தெரியல. என் மூஞ்சியிலயே இனி முழிப்பானான்னு தெரியல."

அவள் குழந்தையின் காதோரத்தில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்தாள். நிதானமாக, ஒரு காதை முடித்து மறு காதுக்குப் போனாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பினாள்.

"ரெண்டு வாரம்னு சொன்னீங்களே, தேதியை இப்பவே எழுதிக் குடுங்க. காலையில முதல் ஆளா போடுங்க. யார் வந்தாலும் வராட்டியும், நானும் இவனும் வந்துடுவோம்."